டர்பனில் மறுவாழ்வு மருத்துவமனை: உங்கள் வீட்டுப் பெரியவர் அங்கே விழாமலிருக்க

என் மாமனாருக்கு 71 வயது. வலது மூளையில் இரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிர் பிழைத்தார், பேச்சும் திரும்பியது. நடக்கப் பழக்குவதற்காக மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் காலை 6:40க்கு, கழிவறைக்குப் போகத் தானாக எழுந்து விழுந்தார். இடது தொடை எலும்பு இடுப்புக்கு அருகில் முறிந்தது. பக்கவாதத்தைவிட அந்த ஒரு விழுகைதான் எங்கள் வீட்டை அதிகம் ஆட்டிவைத்தது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் பாதியையாவது தடுத்திருப்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். சாதாரண வார்டில் நோயாளி படுத்திருப்பார். மறுவாழ்வு மருத்துவமனையில் அவரை எழு, நில், நட என்று நாள் முழுவதும் ஊக்குவிப்பார்கள். மாலையில் தெரபிஸ்ட் வீட்டுக்குப் போன பிறகும் அந்த ஊக்கம் நோயாளியின் மனத்தில் இருக்கும். பிடித்துக்கொள்ள ஆள்தான் இருக்காது.

1. சேர்ப்பதற்கு முன்: யார் கையெழுத்துப் போடலாம்?

இதில்தான் நாங்கள் முதலில் தடுக்கிவிழுந்தோம். மாமாவை நாள்தோறும் பார்த்துக்கொண்டவள் நான். ஆனால் நோயாளி தானே முடிவெடுக்க முடியாத நிலையில், 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் சம்மதம் தருபவர்களை ஒரு வரிசையில் வைத்திருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளை, உடன்பிறந்தவர். மருமகள் அந்த வரிசையில் இல்லை. அத்தை காலமாகிவிட்டார். என் கணவருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. அறுவைச் சிகிச்சைக்கான படிவம் அவருக்கு மின்னஞ்சலில் போய், அச்சாகி, கையெழுத்தாகித் திரும்பி வர நான்கு மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் மாமா வலியில் கிடந்தார்.

இதற்கு வழி இருக்கிறது. நோயாளி தெளிவாக இருக்கும்போதே, “எனக்காகச் சம்மதம் தர இன்னாருக்கு அதிகாரம் அளிக்கிறேன்” என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் அதே சட்டம் அவரை ஏற்கிறது. ஒரு பக்கம் போதும். காவல் நிலையத்தில் உறுதிமொழிப் பத்திரமாகக் கையெழுத்து வாங்குங்கள், கட்டணம் கிடையாது. அடையாள அட்டை, பாஸ்போர்ட் நகல்களுக்கும் அங்கேயே சான்று முத்திரை வாங்கலாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சான்று நகலைப் பல அலுவலகங்கள் திருப்பி அனுப்பும். எனவே தேவைப்படும்போது புதிதாக எடுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று: “பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறது, அது போதும்” என்று நினைப்பது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்தப் பத்திரமும் செல்லாமல் போகிறது. வங்கிக் கணக்கை அதை நம்பி விட்டுவைக்காதீர்கள்.

மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் மருத்துவக் காப்பீடு) நிறுவனமும் முதன்மை உறுப்பினரைத் தவிர வேறு யாரிடமும் தொலைபேசியில் பேசாது. தகவல் பாதுகாப்புச் சட்டம் அப்படி. அவர்களிடம் மூன்றாம் நபர் ஒப்புதல் படிவம் இருக்கும். முதல் நாளே நிரப்பி அனுப்பிவிடுங்கள்.

2. பணமும் அனுமதியும்

பக்கவாதமும் இடுப்பு எலும்பு முறிவும் எல்லா மெடிக்கல் எய்ட் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் வருகின்றன. ஆனால் புதிதாகச் சேர்த்த பெரியவருக்குப் பொதுக் காத்திருப்பு 3 மாதம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை வைக்கலாம். இதற்கு முன் எந்தத் திட்டத்திலும் இல்லாதவர் என்றால் அந்தக் காலத்தில் குறைந்தபட்சப் பலன்களையும் மறுக்க முடியும். 35 வயதுக்குமேல் முதன்முறை சேருபவருக்குக் கூடுதல் மாதச் சந்தாவும் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மாவை நிரந்தரமாக வரவழைப்பவர்கள், அவர்கள் வந்து இறங்கிய மாதமே சேர்த்துவிடுங்கள். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று தள்ளிப்போட வேண்டாம்.

மறுவாழ்வு மருத்துவமனையில் சேர மெடிக்கல் எய்டிடமிருந்து முன் அனுமதி எண் வேண்டும். அதை மருத்துவமனையில் இருக்கும் கேஸ் மேனேஜர் வாங்குவார். எங்களுக்கு ஏழேழு நாளாகத்தான் நீட்டித்தார்கள். ஒவ்வொரு முறையும் முன்னேற்ற அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கை எந்தக் கிழமை போகிறது என்று கேட்டுவைத்து, அதற்கு முந்தைய நாள் கேஸ் மேனேஜரைப் பாருங்கள். விழுந்து வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் பழைய அனுமதி முடிந்துவிடும். ஆம்புலன்சுக்கு ஓர் எண், அறுவைச் சிகிச்சைக்கு ஓர் எண், திரும்பி வரும்போது மறுபடி ஓர் எண் என்று எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைதான். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள ஆர்.கே. கான் போன்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அங்கிருந்து மருத்துவரின் கடிதத்தோடுதான் மறுவாழ்வுப் பிரிவுக்குப் போக முடியும். கட்டணம் வருமானத்தைப் பார்த்து எச்0 முதல் எச்3 வரை வகைப்படுத்தப்படும். அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட்டும் இங்கே தங்குவதற்கான பெர்மிட்டும், சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். காகிதம் காட்டாவிட்டால் அதிகக் கட்டண வகையில் போட்டுவிடுவார்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

3. முதல் நாள்: அபாய மதிப்பீட்டின்போது கூட இருங்கள்

சேர்க்கும் அன்றே, விழும் அபாயத்தை மதிப்பிடும் ஒரு தாளைச் சிஸ்டர் நிரப்புவார். (இங்கே பதிவுபெற்ற செவிலியர்தான் சிஸ்டர்.) பெரும்பாலும் மோர்ஸ் அளவுகோலாக இருக்கும். ஆறு கேள்விகள். முன்பு விழுந்திருக்கிறாரா என்பதற்கு மட்டும் 25 புள்ளி. மற்றவை வேறு நோய்கள், எதைப் பிடித்து நடக்கிறார், நரம்பில் ஊசிக்குழாய் இருக்கிறதா, நடை எப்படி, தன் நிலையைத் தானே உணர்கிறாரா என்பவை. 45க்கு மேல் போனால் பல இடங்களில் அதிக அபாயம் என்று குறிப்பார்கள்.

எங்கள் மாமா “இல்லை, நான் விழுந்ததே இல்லை” என்றார். பக்கவாதம் வந்த அன்று குளியலறையில் விழுந்துகிடந்தவர் அவர். நான் அட்மிஷன் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தேன். 25 புள்ளி போயிற்று. வலது மூளை பாதித்தவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். தன் குறை தனக்கே தெரியாது, தன்னால் முடியும் என்று உறுதியாக நம்புவார்கள், எழுவதிலும் அவசரப்படுவார்கள். ஆகவே அட்மிஷன் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் கட்டிலருகே நில்லுங்கள்.

அதோடு, “அபாயம் அதிகம்” என்று ஒட்டுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. மறுவாழ்வு வார்டில் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். “சரி, இவருக்காகத் தனியாக என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் அவருடைய கோப்பில் எழுதப்பட வேண்டும்.

4. கழிவறை

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மாமா விழுந்த அன்று என்ன நடந்தது என்று பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மணி பொத்தான் தலையணையின் இடது பக்கம் கிளிப் போட்டு மாட்டியிருந்தது. மாமாவுக்கு இடது பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும், இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் தேடுவார். அவர் மணியைப் பார்க்கவேயில்லை. வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறார். “ஒன்றுக்கு, ஒன்றுக்கு” என்று. பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார், நான்கைந்து முறை கூப்பிட்டாராம். அங்கிருந்த உதவிச் செவிலியருக்கு அது ஆங்கிலத்தில் “ஒன்” என்பது போலக் கேட்டிருக்கிறது. ஒரு விரலைக் காட்டி, “ஒரு நிமிடமா? சரி” என்று சைகை செய்துவிட்டுப் போய்விட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தாய்மொழி சூலு. மாமாவுக்கு, நோய்க்குப் பிறகு அவசரத்தில் வாயில் வருவது தமிழ் மட்டும்.

அந்த வார்டில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒரு சிஸ்டர் இருந்தார். சாட்ஸ்வர்த்காரர். பாட்டி பேசியதில் “தண்ணி”, “சாமி”, “வா” என்ற மூன்று சொற்கள் மட்டும் நினைவிருப்பதாகச் சொன்னார். மாமா அவரைப் பார்த்தாலே முகம் மலர்வார். ஆனால் ஒன்றுக்கு என்ற சொல் அவருக்கும் தெரியாது.

எனவே நீங்கள் செய்ய வேண்டியவை:

பெரிய அட்டை ஒன்றில் அவர் உண்மையில் சொல்லும் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, எதிரே பொருளையும் எழுதுங்கள். ஒன்றுக்கு, வெளிக்கு, தலைசுற்றல், வலி, தண்ணீர். நாகரிகமான சொல்லை எழுதாதீர்கள், அவர் வாயில் வரும் சொல்லை எழுதுங்கள். கட்டிலின் தலைப்பக்கச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். சூலுப் பொருளை எழுதித் தரும்படி வார்டிலேயே கேளுங்கள், மகிழ்ச்சியோடு எழுதித் தருவார்கள்.

மணிப் பொத்தான், மூக்குக்கண்ணாடி, சிறுநீர்ப் பாட்டில் மூன்றும் நல்ல கைப் பக்கம் இருக்க வேண்டும். இடது பக்கத்தைக் கவனிக்கப் பழக்குவதற்காகத் தெரபிஸ்டுகள் சில பொருட்களை வேண்டுமென்றே அந்தப் பக்கம் வைப்பார்கள். வைக்கட்டும், மணியைத் தவிர.

அவர் எப்போது கழிவறைக்குப் போவார் என்பது உங்களுக்குத் தெரியும். காபி குடித்த பத்தாவது நிமிடமா, விடியற்காலையா, படுக்கப் போகும் முன்பா? அந்த நேரங்களை எழுதிக்கொடுத்து, அவர் கூப்பிடுவதற்கு முன்பே வந்து அழைத்துப்போகும்படி கேளுங்கள். செவிலியர் பணி காலை 7க்கும் மாலை 7க்கும் மாறும். அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் எல்லோரும் கோப்புகளோடு இருப்பார்கள். 6:15க்கு ஒருமுறை அழைத்துப்போய்விட்டால் அந்த இடைவெளி பாதுகாப்பாகும்.

கழிவறையில் உட்கார வைத்துவிட்டு, மரியாதைக்காகக் கதவைச் சாத்தி வெளியே நிற்பது வழக்கம். தலைசுற்றல் உள்ளவரோ அவசரக்காரரோ என்றால் அது ஆபத்து. கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதச் சொல்லுங்கள். மாமாவுக்கு இளம்பெண்கள் முன் உட்காரக் கூச்சம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. ஆண் செவிலியர் இருக்கிறாரா என்று நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்ட பிறகு இரவுப் பணியில் ஒருவர் வந்தார்.

கடைசியாக, தண்ணீர். நம்மவர்களுக்குக் காகிதம் போதாது, தண்ணீர் வேண்டும். சொம்புக்காக இடது பக்கம் சாய்வது, குழாயை எட்டிப் பிடிப்பது, தரை ஈரமாவது என்று எல்லா ஆபத்தும் அந்த ஒரு நிமிடத்தில் சேர்ந்துவிடும். இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர்) சொன்னபோது, மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டிலை வலது கைப் பக்கம் மாட்டி, உட்கார்ந்தபடியே கழுவ இரண்டே நாளில் பழக்கிவிட்டார். நாங்கள் சொல்லும்வரை அவருக்கு அப்படி ஒரு தேவை இருப்பதே தெரியாது.

5. எண்ணெய், செருப்பு, வேட்டி

பார்க்கப்போகும் உறவினர்கள் அன்போடு உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்ப்பார்கள். பிறகு மருத்துவமனையின் வழவழப்பான தரையில் அந்தக் கால் நிற்க வேண்டும். கை, முதுகு, தலை எங்கே வேண்டுமானாலும் தேய்க்கட்டும், பாதத்தில் வேண்டவே வேண்டாம்.

ரப்பர் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குதிகால் மூடிய, பட்டை ஒட்டும் ஷூ வேண்டும். வீங்கிய காலுக்கு அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இரவில் அடியில் ரப்பர் புள்ளி உள்ள சாக்ஸ். வேட்டிக்கும் லுங்கிக்கும் பதில் இடுப்பில் எலாஸ்டிக் உள்ள கால்சட்டை. பெண்களுக்குச் சேலை வேண்டாம். தரையில் புரளாத நைட்டி சரி.

வீல்சேரில் இரண்டு பிரேக்கும் போட்டு, கால் தாங்கியை மடக்கிய பிறகே எழ வேண்டும். பார்க்க வந்த நீங்களாக அவரைக் கட்டிலுக்கு மாற்ற முயலாதீர்கள். பிசியோ உங்களுக்குக் கற்றுத் தந்து “இனி நீங்கள் செய்யலாம்” என்று சொல்லும்வரை கூடாது.

6. மாத்திரைகள்

தூக்க மாத்திரை, வலிக்கான டிராமடால், இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் போக வைக்கும் மாத்திரை. இவை நான்கும் விழுவதற்கு வழிசெய்பவை. புதிதாக ஒன்று தொடங்கினாலோ அளவு மாறினாலோ அதைச் சொன்ன மருத்துவர் யாரென்று அன்றே பெயரோடு கேட்டு எழுதுங்கள். படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்குமேல் இறங்கினால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். சிறுநீர் மாத்திரையை மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் எழுவார். காலையில் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம்.

7. கட்டில் கம்பியும் கட்டிவைப்பதும்

“இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றிவிடுங்கள்” என்று நானே கேட்டேன். தவறு. குழப்பத்தில் இருப்பவர் கம்பியைத் தாண்டி ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிவைத்தால் தசை தளர்ந்து, திமிறி, காயம் அதிகமாகும். கட்டிலைக் கடைசி மட்டத்துக்கு இறக்குவது, செவிலியர் மேசைக்கு எதிரேயுள்ள படுக்கைக்கு மாற்றுவது, எழுந்தால் ஒலிக்கும் அலாரம் விரிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். இரவில் கூட உட்கார ஆள் வேண்டுமென்றால் ஏஜென்சி மூலம்தான் அனுமதிப்பார்கள், அந்தச் செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்து. எல்லா இரவும் தேவையில்லை. சேர்த்த முதல் வாரமும், அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய முதல் வாரமும் வைத்தால் போதும். நாங்கள் இரண்டாவதை மட்டும்தான் வைத்தோம்.

8. விழுந்துவிட்டால்

உடனே தூக்க விடாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவாக இருக்கலாம். தலை பட்டதா என்று யாரும் பார்க்கவில்லை என்றால், பட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு சி.டி. ஸ்கேன் கேளுங்கள். தலைக்குள் கசிவு சில நாள் கழித்தும் வெளிப்படும் என்பதால், நினைவு நிலையை அட்டவணைப்படி குறித்துவர வேண்டும்.

மருத்துவமனை உங்களைத் தொலைபேசியில் அழைக்கும்போது நான்கு கேள்விகள்: எத்தனை மணிக்கு? கடைசியாக யார் எப்போது பார்த்தார்? மருத்துவர் எத்தனை மணிக்கு வந்து பார்த்தார்? நிகழ்வு அறிக்கை எழுதியாகிவிட்டதா? பதிலைக் கேட்டபடியே எழுதுங்கள். சுருக்கமாக அதையே அன்று மாலைக்குள் வார்டு மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, “நான் புரிந்துகொண்டது சரியா?” என்று கேளுங்கள். சண்டைத் தொனி வேண்டாம். நாளையும் அவர்கள்தான் அவரைத் தூக்கி உட்கார வைக்கப்போகிறார்கள்.

இடுப்பு முறிவுக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்வதையே மருத்துவர்கள் விரும்புவார்கள். சம்மதக் கடிதமும் அனுமதி எண்ணும் தயாராக இருந்தால் உங்களால் தாமதம் வராது.

9. பில், கோப்பு, புகார்: நாட்களைக் கணக்கில் வையுங்கள்

எலும்பு முறிவுக்கான பில்லில் எஸ்72 போன்ற நோய்க் குறியீட்டோடு, எப்படி விழுந்தார் என்ற குறியீடும் இருக்க வேண்டும். வீல்சேரிலிருந்து என்றால் டபிள்யூ05, கட்டிலிலிருந்து என்றால் டபிள்யூ06. எங்கள் மயக்க மருந்து மருத்துவரின் பில்லில் அது விடுபட்டதால் திரும்பிவிட்டது. திருத்தி வாங்க மூன்று வாரம். சிகிச்சை நடந்த மாதத்துக்கு அடுத்த நான்காம் மாதக் கடைசி நாளுக்குள் பில் போய்ச்சேர வேண்டும். கட்டாயப் பலனில் வரும் சிகிச்சைக்குக் குறைத்துக் கொடுத்தால் மறுபரிசீலனை கேளுங்கள். நிறுவனம் மறுத்தால் மெடிக்கல் எய்ட் நிறுவனங்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்கு எழுதலாம், கட்டணமில்லை.

நோயாளியின் கோப்பு நகலைத் தகவல் பெறும் சட்டத்தின் 2ஆம் எண் படிவத்தில் கேட்க வேண்டும். பதிலுக்கு 30 நாள். நகலுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். முழுக் கோப்பையும் கேட்காமல், அபாய மதிப்பீடு, விழுந்த நாளுக்கு முன்னும் பின்னுமான செவிலியர் குறிப்புகள், மருந்து அட்டவணை ஆகியவற்றை மட்டும் கேட்டால் செலவு குறையும்.

புகார் முதலில் மருத்துவமனை மேலாளருக்கு எழுத்தில். திருப்தியில்லை என்றால், மருத்துவச் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் ஹெல்த் ஆம்புட்ஸ்மனுக்கு. வழக்கு நினைப்பிருந்தால் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். அரசு மருத்துவமனை என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்து அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். இந்த ஆறு மாதத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

10. வீட்டுக்கு அழைத்துவரும் முன்

டிஸ்சார்ஜ் தேதி சொன்னவுடன் அல்ல, அதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். கதவுகளின் அகலம், கழிவறை இருக்கையின் உயரம், வாசல்படி எல்லாவற்றையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்துத் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இரட்டை மாடி வீடுகளில் படுக்கையறை மேலேதான் இருக்கும், மாடிப்படி செங்குத்து. முன்னறைச் சோபாவை எடுத்துவிட்டு அங்கே கட்டில் போட்டோம். கழிவறைக்கான உயர இருக்கை 850 ராண்ட், வாக்கர் 700, குளியல் நாற்காலி 600 ஆனது எங்களுக்கு. கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் துளையிட்டு மாட்டுங்கள். உறிஞ்சி ஒட்டும் வகையை நம்ப வேண்டாம், ஈரத்தில் கழன்று வரும். கால்மிதியடிகளைச் சுருட்டி எடுத்து வையுங்கள், பூஜையறை வாசலில் இருப்பதையும். மின்சாரம் போனால் தானே எரியும் ரீசார்ஜ் விளக்கு ஒன்று கட்டிலருகே, ஒன்று கழிவறையில்.

வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கத்தை மாமாவால் விட முடியவில்லை. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி ஷூவைத் தனியாக வாங்கி, வாசலில் கைப்பிடி உள்ள நாற்காலி போட்டிருக்கிறோம். அதில் உட்கார்ந்துதான் மாற்றிக்கொள்கிறார்.